கர்ணனும் மணிமாறனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: பி.ஆர். பந்துலுவின் வாழ்க்கை

லெம்பா பெர்த்தாமில் இருப்பவர்களுக்குத் தியேட்டரில் புதுப்படம் பார்ப்பது இன்றைக்கும் ஒரு பயணம்தான். ரிங்லெட்டுக்கு ஏறி, அங்கிருந்து வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று மலையைச் சுற்றிக்கொண்டு, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ போய்ச் சேர வேண்டும். பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வரும். பெரியவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அத்தனை பாடுபட்டுப் பார்த்துவிட்டு வரும் படம் கொஞ்ச நாளில் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அடுத்த பண்டிகைக்குள் அதன் பெயர்கூடப் பலருக்கு மறந்துபோகிறது.

இதற்கிடையே பழைய படங்கள் திரும்பி வருகின்றன. 2004-இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மறுபடியும் திரைக்கு வந்து கூட்டம் சேர்த்தது. ஆனால் பழைய தமிழ்ப் படத்தைத் துடைத்துப் புதுப்பித்துத் திரையிட்டால் காசு கொடுத்துப் பார்க்க ஆள் வரும் என்ற தைரியத்தைத் தந்த படம் அதற்கு 12 ஆண்டு மூத்தது. 2012 மார்ச் 16-ஆம் நாள், 48 வயதான ‘கர்ணன்’ தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் மீண்டும் வெளியாகி, சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. 2014 மார்ச்சில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. 2015 ஆகஸ்டில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது.

முதலாவதும் மூன்றாவதும் சிவாஜி படம். நடுவில் உள்ளது எம்.ஜி.ஆர். படம். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் இப்படித்தான் பிரிப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரே லயத்தில், ஒரே வீட்டில், அண்ணன் சிவாஜி கட்சியாகவும் தம்பி எம்.ஜி.ஆர். கட்சியாகவும் நின்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சண்டை போட்ட குடும்பங்கள் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் அவ்வளவாகக் கவனிக்காத செய்தி ஒன்று இருக்கிறது. மூன்று படங்களையும் தயாரித்து இயக்கியவர் ஒருவரே. அவர் பெயர் பி.ஆர். பந்துலு.

அவர் தமிழர் அல்ல. அன்றைய மைசூர் சமஸ்தானத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்தில், 1910 ஜூலை 26-இல் பிறந்தார். வீட்டில் பேசியது தெலுங்கு, சுற்றிலும் கன்னடம். பந்துலு என்ற சொல்லுக்கே தெலுங்கில் வாத்தியார் என்று பொருள் உண்டு. பெயருக்கு ஏற்ப அவரும் கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை பார்த்தவர்தான். ஆனால் நாடகம் அவரை விடவில்லை. மேடையிலிருந்து 1936-இல் எச்.எல்.என். சிம்ஹா இயக்கிய ‘சம்சார நௌகா’ என்ற கன்னடப் படத்துக்கு வந்தார். புராணக் கதைகளே படமாகிக்கொண்டிருந்த காலத்தில் வந்த குடும்பக் கதை அது. அதில் அவருடன் நடித்தவர் எம்.வி. ராஜம்மா. பிற்காலத்தில் ‘கர்ணன்’ படத்தில் குந்தியாக வந்து, பெற்ற பிள்ளையிடம் தன்னைத் தாய் என்று சொல்ல முடியாமல் தவித்தவரும் இதே ராஜம்மாதான்.

தமிழில் பந்துலு முதலில் நடிகராகத்தான் தெரிந்தார். இந்தியா விடுதலை பெற்ற 1947-இல் வெளிவந்த ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் முக்கியமான வேடம். ஆள் பார்க்கக் கம்பீரமாக இருப்பார், குரலும் தெளிவு. ஆனாலும் நட்சத்திரமாகும் யோகம் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, பத்மினி பிக்சர்ஸ் என்ற பெயரில் சொந்தமாகப் படம் எடுக்க இறங்கினார்.

1954-இல் அந்த நிறுவனத்தின் ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’ வந்தது. இயக்கம் ப. நீலகண்டன், நாயகன் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ‘முதல் தேதி’. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு வேலை போனால் என்ன கதி என்பதே அதன் கதை. சம்பள நாளை எண்ணிக்கொண்டே மாதத்தை ஓட்டியவர்களுக்கு அந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. 1957-இல் ‘தங்கமலை ரகசியம்’ படத்தில் பந்துலு தாமே இயக்குநரானார். அதையே கன்னடத்தில் ‘ரத்னகிரி ரகஸ்யா’ என்று எடுத்தார். ஒரே கதையை இரு மொழியில் எடுப்பது அவர் வாழ்நாள் முழுவதும் விடாத பழக்கம். செட்டு ஒன்று, செலவு பாதி என்ற கணக்கு அதில் இருந்தது. எந்த மொழிக்காரரும் தமக்கு அந்நியர் அல்லர் என்ற எண்ணமும் இருந்தது.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்று நம் நாட்டு ரசிகர்களுக்குத் தெரியும். அதே காலத்தில் சிங்கப்பூரில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். பி. ரம்லிக்கு முதன்முதலில் நாயகன் வேடம் கொடுத்த 1950-ஆம் ஆண்டுப் படமான ‘பக்தி’யை இயக்கியவர், தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வளர்ந்த எல். கிருஷ்ணன். மலாய்க்காரர்களின் நெஞ்சில் நிற்கும் நாயகனை ஒரு தமிழர் திரையில் நிறுத்தினார். தமிழரின் கட்டபொம்மனை ஒரு தெலுங்கு வாத்தியார் நிறுத்தினார்.

1958-இல் வந்த ‘சபாஷ் மீனா’ சிரிப்புப் படம். சிவாஜியும் சந்திரபாபுவும் போட்டி போட்டுக்கொண்டு சிரிக்க வைத்தார்கள். 1996-இல் ‘உள்ளத்தை அள்ளித்தா’ பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள் இந்தப் படத்தைத் தேடிப் பார்த்தால், அந்தக் கதைக்குத் தாய்வீடு எது என்று புரியும்.

அதே ஆண்டில் கன்னடத்தில் அவர் எடுத்த ‘ஸ்கூல் மாஸ்டர்’, தமிழில் ‘எங்கள் குடும்பம் பெரிசு’ என்று வந்தது. ஊருக்கு நல்லது செய்த ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகள் பெற்றோரைப் பங்கு போட்டு ஆளுக்கு ஒருவராக வைத்துக்கொள்கிறார்கள். வயதான கணவனும் மனைவியும் வேறு வேறு வீட்டில் கிடந்து தவிக்கிறார்கள். ஆசிரியராக நடித்தவர் பந்துலு; மனைவியாக ராஜம்மா. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தாயும் தகப்பனும் மலையிலேயே தங்கிவிட்ட வீடுகள் கேமரன் மலையில் எத்தனையோ உண்டு. அந்த வீடுகளில் இந்தப் படம் இன்று ஓடினாலும் பழசாகத் தெரியாது. நடிகர் பந்துலுவை ஒரே ஒரு படத்தில் பார்க்க வேண்டுமானால் அது இதுவே.

அடுத்தது கட்டபொம்மன். சிறு வயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து நடிப்பு ஆசை பிடித்தவர் சிவாஜி. சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தைத் தம் நாடக மன்றத்தின் மூலம் 1957 முதல் மேடையேற்றி வந்தார். அதைப் பார்த்த பந்துலு படமாக்க முன்வந்தார். மேடையில் ஓடிக்கொண்டிருந்த நாடகத்தைத் திரைக்கு மாற்றுவது எளிது என்று தோன்றும். ஆனால் பந்துலு அதை வண்ணத்தில், பெரிய போர்க்காட்சிகளுடன் எடுக்கத் துணிந்தார். கறுப்பு வெள்ளையே வழக்கமாக இருந்த காலம் அது. ஜெவா கலரில் எடுத்து, டெக்னிகலர் பிரதிகளை லண்டனில் போட்டு வாங்கினார்கள். படம் 1959 மே மாதம் வெளிவந்தது.

கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவர். அவர் எப்படி இருந்தார், எப்படிப் பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. இன்று தமிழர் மனக்கண்ணில் கட்டபொம்மன் என்றால் வருகிற மீசையும், நடையும், ஜாக்சன் துரைக்கு எதிரே நின்று பேசும் அந்தக் கர்ஜனையும் பந்துலுவின் படத்திலிருந்து வந்தவை. நம் தமிழ்ப்பள்ளிகளின் மாறுவேடப் போட்டிகளில் அட்டைக் கிரீடமும் மை மீசையுமாக மேடையேறி அந்த வசனத்தை முழங்கிய பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. வரலாற்றுப்படி பார்த்தால் படத்தில் கற்பனை நிறையவே உண்டு. மேடை நாடகத்தின் வாசனையும் போகவில்லை. இருந்தாலும் 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது சிவாஜிக்கும், சிறந்த இசைக்கான விருது ஜி. ராமநாதனுக்கும் கிடைத்தன.

ஒரு வெற்றிக்குப் பிறகு அதே போல இன்னொன்று எடுத்துக் காசு பார்ப்பதுதான் சினிமா வழக்கம். பந்துலு வ.உ. சிதம்பரனாரை எடுத்தார். ம.பொ.சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்தது. வ.உ.சி.யாக சிவாஜி, பாரதியாக எஸ்.வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம். பாட்டுகள் பாரதியார் பாடல்கள். இசை மறுபடியும் ஜி. ராமநாதன்.

கட்டபொம்மனுக்கு வாள் இருந்தது, குதிரை இருந்தது. வ.உ.சி.க்கு இருந்தது வக்கீல் கோட்டும் ஒரு கப்பல் கம்பெனியும். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அதே ஆண்டில் கைதாகி, கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். 1912-இல் விடுதலையாகி வந்தபோது அவரை வரவேற்கச் சிறை வாசலில் கூட்டமில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்து அடிபட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் இந்தக் கதையில் புரியாதது எதுவும் இல்லை.

படத்துக்கும் அதே நிலைதான் நேர்ந்தது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஆனால் வசூலில் தோற்றது. போட்ட பணம் திரும்பி வரவில்லை. விழாவில் கைதட்டியவர்கள் தியேட்டருக்கு வரவில்லை. பந்துலுவின் வாழ்க்கையில் இந்த இடம் முக்கியமானது. நஷ்டத்தை ஈடுகட்ட 1962-இல் அவசர அவசரமாக ஒரு சிரிப்புப் படம் எடுத்தார். சிவாஜிக்கு மூன்று வேடம், எம்.ஆர். ராதாவுக்கு இரண்டு வேடம். அதுதான் ‘பலே பாண்டியா’. மிகச் சில நாட்களில் எடுத்து முடித்த அந்தப் படத்தை ஜனங்கள் ரசித்தார்கள். எந்தப் படத்துக்குக் காசு வரும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், கையில் காசு சேர்ந்ததும் மறுபடியும் பெரிய விஷயத்தின் பக்கமே போனார்.

இந்தப் பக்கம் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடித்த 1963-ஆம் ஆண்டில், அந்தப் பக்கம் பந்துலு ‘கர்ணன்’ படத்துக்காகப் பணத்தைத் தண்ணீராக இறைத்துக்கொண்டிருந்தார். போர்க்காட்சிகளைச் சென்னைக்கு அருகே ஏதாவது ஒரு வெட்டவெளியில் எடுத்திருக்கலாம். அவர் நட்சத்திரங்களை அழைத்துக்கொண்டு வட இந்தியாவில் உள்ள குருக்ஷேத்திரத்துக்கே போனார். ரதங்கள், யானைகள், குதிரைப் படை என்று பெரும் கூட்டம். கிருஷ்ணராக என்.டி. ராமாராவ், துரியோதனனாக அசோகன், அர்ச்சுனனாக முத்துராமன், பானுமதியாக சாவித்திரி, கர்ணனின் மனைவியாக தேவிகா. கண்ணதாசன் பாட்டுக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. வடநாட்டுக் கதை நடக்கும் மண்ணுக்கு ஏற்றபடி இந்துஸ்தானி ராகங்களைக் கலந்து மெட்டுப் போட்டார்கள்.

மகாபாரதத்தில் ஐவர் பக்கம் நின்று கதை சொல்வதுதான் வழக்கம். பந்துலுவின் படம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறது. ஆற்றில் விடப்பட்ட குழந்தை. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். குலம் என்ன, கோத்திரம் என்ன என்று சபையில் கேட்டு அவமானப்படுத்தப்படுகிறான். அந்த நேரத்தில் ஒருவன் எழுந்து வந்து நாட்டைக் கொடுத்து அரசனாக்குகிறான். அந்த ஒருவன் கெட்டவன் என்று பின்னால் தெரிந்தும் கர்ணன் அவனை விட்டுப் போவதில்லை. போனால் பிழைப்பான், தம்பிகள் கிடைப்பார்கள், நாடு கிடைக்கும். ஆனாலும் போவதில்லை.

செஞ்சோற்றுக் கடன் என்பது நம் மக்களுக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும், ஆபத்தில் கை கொடுத்தவனைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் கப்பலேறி வந்த தலைமுறைக்கு வாழ்க்கை. தோட்டத் திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் போட்ட நாட்களில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனியில் உட்கார்ந்து இதிகாசப் படம் பார்த்த கேமரன் மலைத் தோட்டத்து மக்கள், கர்ணனைப் புராண பாத்திரமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். சொந்தக்காரனாகத்தான் பார்த்திருப்பார்கள்.

பானுமதியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடும் காட்சி படத்தின் நடுவில் வரும். ஆட்டத்தின் சூட்டில், எழுந்து போகப் பார்க்கும் பானுமதியைக் கர்ணன் பற்றி இழுக்க, மணிகள் சிதறுகின்றன. வாசலில் துரியோதனன். வேறொரு படமாக இருந்தால் அங்கே வாள் உருவப்பட்டிருக்கும். இங்கே கணவன் குனிந்து சிதறிய மணிகளைப் பொறுக்க முனைகிறான். நண்பன் மேல் சந்தேகம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. பழங்கதையில் இருப்பதுதான். ஆனால் இந்த ஒரு காட்சியை நம்பும்படி எடுத்துவிட்டதால், அதற்குப் பிறகு கர்ணன் ஏன் அவனுக்காகச் சாகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

1964 ஜனவரி 14, பொங்கல் நாளில் ‘கர்ணன்’ வெளிவந்தது. அதே நாளில் எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ படமும் வந்தது. ‘கர்ணன்’ சில ஊர்களில் 100 நாள் ஓடியது, பேரும் கிடைத்தது. ஆனால் குருக்ஷேத்திரம் வரை போய் இறைத்த பணத்துக்கு ஏற்ற வரவு இல்லை.

அந்த ஆண்டுத் தீபாவளிக்குச் சிவாஜியின் இரண்டு படங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று ஏ.பி. நாகராஜனின் ‘நவராத்திரி’, மற்றது பந்துலுவின் ‘முரடன் முத்து’. இரண்டில் எது சிவாஜியின் 100-ஆவது படம் என்ற கேள்வி எழுந்தது. அந்தப் பெருமை ‘நவராத்திரி’க்குப் போனது. பந்துலுவுக்கும் சிவாஜிக்கும் இடையே மனத்தாங்கல் வந்தது இதனால்தான் என்று திரையுலகில் பரவலாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து படம் எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். கட்டபொம்மன், வ.உ.சி., கர்ணன் என்று மூன்று பேரைச் சிவாஜியின் உடம்பில் உயிர்ப்பித்துக் காட்டிய கூட்டு, ஓர் எண்ணிக்கைச் சண்டையில் முடிந்தது. அதில் நியாயம் யார் பக்கம் என்று இனிப் பேசிப் பயனில்லை. நஷ்டம் பார்ப்பவர்களுக்குத்தான்.

‘முரடன் முத்து’வின் கன்னட வடிவத்துக்கு ‘சின்னத கொம்பே’ என்று பெயர். அதில் பந்துலு ஒரு புதுமுகத்தை நாயகியாக்கினார். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண். ‘கர்ணன்’ படத்தில் நடித்த சந்தியாவின் மகள். பெயர் ஜெயலலிதா. ஒரே கதை, இரண்டு மொழி. தமிழில் எடுத்தபோது சிவாஜி கையை விட்டுப் போனார். கன்னடத்தில் எடுத்தபோது அடுத்த காலத்தின் நாயகி கைக்கு வந்தார்.

பந்துலு நேரே எம்.ஜி.ஆரிடம் போனார். 1965 ஜூலை 9-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அன்றைய நாட்களில் இணைந்து இசையமைத்த கடைசிப் படங்களில் ஒன்று. கதைக்கு மூலம் 1935-இல் வந்த ‘கேப்டன் பிளட்’ என்ற ஹாலிவுட் படம் என்பது ஒளிவுமறைவான செய்தி அல்ல. ஆனால் நெய்தல் நாட்டு வைத்தியர் மணிமாறன், காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்கு மருந்து போட்ட குற்றத்துக்காக அடிமையாகி, கப்பலில் கன்னித்தீவுக்குக் கொண்டுபோய் விற்கப்படுகிறார் என்ற கதையை நம் மக்கள் எந்த ஹாலிவுட்டையும் நினைத்துப் பார்க்கவில்லை. கப்பல், தீவு, ஏலம், காட்டு வேலை, சவுக்கு. இவையெல்லாம் பாட்டன் பாட்டி சொன்ன கதைகளில் வேறு பெயரில் ஏற்கெனவே இருந்தவை. எம்.ஜி.ஆர். விடுதலை வாங்கித் தருவார் என்று தெரிந்தேதான் டிக்கெட் வாங்கினார்கள், அதற்காகவே வாங்கினார்கள்.

படத்தை நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ‘கர்ணன்’ எடுத்த பந்துலு வேறு, இந்தப் பந்துலு வேறு. அங்கே நாயகன் தோற்றுச் சாகிறான். பார்ப்பவர் மனது கனத்துப் போகிறது. இங்கே ஓட்டம், கத்திச் சண்டை, கடல், பாட்டு. வெளியே வரும்போது நடையில் ஒரு துள்ளல். நடிகர் மாறியதும் படத்தின் தாளத்தையே மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் அவர். சிவாஜிக்காக வசனத்துக்கு இடம் விட்டு கேமராவை நிறுத்தினார், எம்.ஜி.ஆருக்காக கேமராவை ஓடவிட்டார். இரண்டு பக்கத்து ரசிகர்களும் அவரைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடாமல் போனதற்கும் ஒருவேளை இதுவே காரணம்.

எம்.ஜி.ஆரோடு ‘நாடோடி’, ‘ரகசிய போலீஸ் 115’, ‘தேடி வந்த மாப்பிள்ளை’ என்று தொடர்ந்தார். இவற்றில் ‘ரகசிய போலீஸ் 115’ இன்றும் ஜாலியான படம். மற்றவை அந்தந்தக் காலத்துக்கு ஓடியவை. கன்னடத்தில் 1970-இல் ராஜ்குமாரை வைத்து எடுத்த ‘ஸ்ரீ கிருஷ்ணதேவராயா’ மறுபடியும் பெரிய சரித்திரப் படம். அவர் ஆசை எங்கே இருந்தது என்று அதிலிருந்து தெரிகிறது. கன்னடத் திரையின் பெரிய இயக்குநராகப் பின்னால் புகழ்பெற்ற புட்டண்ணா கனகால் இவரிடம் உதவியாளராக வேலை கற்றவர்தான்.

கடைசியாகத் தமிழில் அவர் தொடங்கியது, அகிலனின் ‘கயல்விழி’ நாவலை அடிப்படையாகக் கொண்ட ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. அதை முடிக்க அவர் இல்லை. 1974 அக்டோபர் 8-இல், பெங்களூரில், ‘காலேஜ் ரங்கா’ என்ற கன்னடப் படத்தின் வேலைக்கிடையே காலமானார். வயது 64. அந்தக் கன்னடப் படம் புட்டண்ணாவின் இயக்கத்தில் 1976-இல் வந்தது. சுந்தரபாண்டியனின் இயக்கத்தை எம்.ஜி.ஆரே ஏற்று முடித்தார். 1978 பொங்கலுக்கு அது வெளியானபோது எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆகியிருந்தார். அவர் நாயகனாக நடித்து வெளிவந்த கடைசிப் படம் அதுதான். பந்துலுவின் கேமரா முன் நின்றவர்களில் மூன்று பேர் பின்னாளில் முதலமைச்சர் ஆனார்கள்: எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவில் என்.டி. ராமாராவ்.

அவர் மகள் பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவைத் தேர்ந்தெடுத்தார். 1985-இல் பாக்யராஜின் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தபோது, பெண்கள் யாரும் அந்த வேலையில் இல்லை. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

‘கர்ணன்’ திரும்பி வந்தது பந்துலு இறந்து 37 ஆண்டுகள் கழித்து. சென்னையைச் சேர்ந்த திவ்யா பிலிம்ஸ் சொக்கலிங்கம் அந்த வேலையில் இறங்கினார். கீறல் விழுந்த படச்சுருளைச் சுத்தம் செய்து, நிறத்தை மீட்டு, ஒலியைப் புதுப்பித்து, அகலத்திரைக்கு மாற்றினார்கள். சிவாஜி, என்.டி.ஆர்., சாவித்திரி, தேவிகா, அசோகன், முத்துராமன், கண்ணதாசன் என்று அந்தப் படத்தில் பங்கெடுத்த பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை. இசையமைத்த இருவர் இருந்தார்கள். புதிய படங்கள் இரண்டு வாரம் தாண்டத் தடுமாறிய அரங்குகளில், தாத்தாக்கள் பேரன்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் இடத்தில் அரங்கம் அடங்கியது. 1964-இல் வராத பணம் 2012-இல் வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் எடுத்தவர் இல்லை.

அந்த வெற்றியைப் பார்த்துத்தான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ புதுப்பிக்கப்பட்டது. அது சென்னையில் 175 நாளைத் தொட்டது. அதன் பின்னர் கட்டபொம்மன். ஒரு காலத்தில் பிரிந்து நின்ற இரண்டு ரசிகர் கூட்டமும், இந்த மூன்று படங்களுக்கும் அடுத்தடுத்து மாலை போட்டார்கள், பால் ஊற்றினார்கள். மாலை எல்லாம் நாயகர்களின் படத்துக்குத்தான்.

பந்துலுவின் படங்களைப் பார்க்க லெம்பா பெர்த்தாமிலிருந்து யாரும் மலை இறங்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. ‘கர்ணன்’ மூன்று மணி நேரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் மாலைத் தேநீருக்கு முடிந்துவிடும். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் ‘எங்கள் குடும்பம் பெரிசு’ படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். அன்று தியேட்டருக்கு வராமல் நாம் தோற்கடித்த ‘கப்பலோட்டிய தமிழன்’ இன்னும் பார்க்கப்படாமல் பல வீடுகளில் காத்திருக்கிறது.